இடப்பக்கம் திரும்பாதவர்

கொட்டாஞ்சேனை
12-9-1937

அன்புள்ள தங்கச்சி ஜெகதீஸ்வரிக்கு,

நானும் உன் மச்சாள் பகவதியும் சாப்பிட்டு, உறங்கி, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு வழக்கம்போல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை நவரத்தினமும் செந்தூலில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மலாயா மழை உன் முழங்கால் வலியைக் கூட்டாமல் இருக்க வேண்டும்.

இங்கே நடந்த ஒரு சிறு புதினம் கேள். போன புதன்கிழமை பாடசாலைக்கு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி "லெப்ட் டேர்ன்" என்று சத்தம் வைத்து, நானும் திரும்பிக் காட்டினேன். பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்காய்த் திரும்பினார்கள். ட்ரில் மாஸ்டர், அதாவது உன் அண்ணன், மாத்திரம் திரும்பிய வேகத்தில் போய்ச் செவ்வரத்தை வேலிக்குள் விழுந்துவிட்டார். ஒருவனும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. சிரித்திருந்தால் தடுக்கி விழுந்தேன் என்று நானும் நம்பியிருப்பேன்.

இடக் காதில் ஒரு வருஷமாக ஒரு இரைச்சல் இருப்பதை உனக்கு எழுதியிருக்கிறேனோ தெரியாது. மணிக்கூட்டை அந்தக் காதில் வைத்தால் ஓடுகிற சத்தம் கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். வெயில், பித்தம் என்று எங்கள் பாடசாலைப் பாதிரியார் சொன்னார். உடம்பு சோம்பல் பட்டுவிட்டது என்பது என் எண்ணம். பதினேழு வருஷம் ஊரார் பிள்ளைகளை நிமிர்த்தினவனுக்குத் தன்னை நிமிர்த்தத் தெரியாதா? நாளை முதல் விடியற்காலையில் மைதானத்தை ஆறு சுற்று ஓடப் போகிறேன்.

நீ தாதி என்பதால் எழுதினேன். பயப்படுவதற்காக அல்ல.

உன் அண்ணன்,
ஞானசம்பந்தம்


செந்தூல், கோலாலம்பூர்
1-10-1937

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இவர் செவ்வரத்தை வேலியை வாசித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. முழங்காலும் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். மானிப்பாய் ஆஸ்பத்திரியில் காது நோயாளர் வார்ட்டில் இரண்டு வருஷம் நின்றவள் சொல்கிறேன், காதும் கால்தடுமாற்றமும் ஒன்றாக வந்தால் அதை வெயில் என்று விட்டுவிடக் கூடாது. ஓடிய பிறகு இரைச்சல் கூடுகிறதா, குறைகிறதா? குனிந்து சப்பாத்துக் கட்டும்போது என்ன ஆகிறது? இன்னொன்று: இரண்டு காலையும் சேர்த்து நின்று கண்ணை மூடிப் பாருங்கள். மச்சாள் பக்கத்தில் நிற்க வேண்டும், தனியே செய்ய வேண்டாம். என்ன நடந்ததென்று எனக்கு எழுதுங்கள்.

காய்ச்சலுக்கு மருந்து தருகிறவரிடம் போகாமல் காது வைத்தியரிடமே போங்கள். மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெகதி


கொட்டாஞ்சேனை
22-10-1937

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீட்டில் சுகம். பகவதி இந்த முறை ஊறுகாய்க்கு உப்பைக் கூட்டிவிட்டு என் நாக்கில் பிழை என்கிறாள்.

நீ சொன்னபடி பரிசோதித்துப் பார்த்து எழுதுகிறேன். ஓடினால் இரைச்சல் இரண்டு மடங்காகி ஒரு மணி நேரம் நிற்கிறது. ஆகையால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. குனிந்தால் தலை கனத்து நிலம் கிட்ட வருகிறது; நாடா இல்லாத சப்பாத்து வாங்கிவிட்டேன். இரும்புக் குண்டைத் தலைக்கு மேலே தூக்கி அண்ணாந்து பார்த்தால் கூரை நகர்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரையில் பொழுதுபடும் நேரம் மணலில் நடந்தேன், ஒத்துவரவில்லை. பகல் வெளிச்சத்தில் கெட்டியான தெருவில் ஆறுதலாக நடந்தால் ஒரு பிழையும் இல்லை. நடக்க நடக்கக் கால் திருந்துகிறது என்பதையும் கவனித்தேன். முதல் கிழமை துறைமுகம் வரைக்கும் போக நாலு இடத்தில் மதிலைப் பிடித்தேன். இந்தக் கிழமை ஒரு இடத்தில்தான்.

காது வைத்தியரிடமும் போனேன். பறங்கிக்காரர், நல்ல மனுஷன். இரண்டு கிளையாகப் பிரிந்த இரும்புக் கவர் ஒன்றைத் தட்டிக் காதடியில் பிடித்தார். பஞ்சுத் துண்டால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். தலையைப் படமும் பிடித்தார்கள். ஓட வேண்டாம், நடப்பது நல்லது என்றார். வேறு சிலதும் சொன்னார். வேகமாக இங்கிலீஷ் கதைக்கிற ஆள்.

மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்ததா? வந்தால் உடனே எழுது.

அண்ணன்,
ஞானசம்பந்தம்


செந்தூல்
8-11-1937

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவருக்குப் பதவி உயர்வு வரவில்லை, இருமல் வந்திருக்கிறது. நான் சுகம்.

பஞ்சு கண்ணில் பட்டது உங்களுக்குத் தெரிந்ததா? இடக் கண்ணில் பட்டதும் வலக் கண்ணில் பட்டதும் ஒரே மாதிரி இருந்ததா? அதை ஏன் எழுதவில்லை? கண்ணை மூடி நிற்கச் சொன்னேனே, அதற்கும் பதில் இல்லை. வைத்தியர் சொன்ன "வேறு சிலதும்" என்னென்ன? நோய்க்கு அவர் ஒரு பெயர் சொல்லியிருப்பார். விளங்காவிட்டால் ஒரு துண்டில் எழுதித் தரும்படி கேட்டு, அந்தத் துண்டை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

மெட்ரிக்குலேஷனில் இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கினவர் நீங்கள். எனக்கு இது மறக்கவில்லை.

தங்கை,
ஜெகதி


கொட்டாஞ்சேனை
3-1-1938

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. முதலில் சோதனைக் காலம், பிறகு மழை, பிறகு சோம்பல். வருஷம் பிறந்துவிட்டது. உங்கள் இருவருக்கும் நல்லபடி நடக்கட்டும்.

நான் தேறிவிட்டேன். பகவதி கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள், நாற்பத்தெட்டு நாள் நாளுக்கு ஒன்பது தரம் நான் வலம் வர வேண்டுமென்று. நேர்த்தி வைக்கிறவர் ஒருவர், நடக்கிறவர் வேறொருவர். சரி என்றேன். டிசம்பர் இருபத்தேழாம் திகதி தொடங்கினேன். இன்றைக்கு எட்டாம் நாள். ஒருநாளாவது கால் பிசகவில்லை. தூணைப் பிடிக்கவில்லை. கோயிற் சுற்று வழவழப்பான கல், நல்ல வெளிச்சம். நடை போல மருந்து இல்லை என்று நான் எப்போதும் சொல்கிறதுதானே.

நீ கேட்டிருந்தவற்றுக்கு இந்த நடையே பதில் என்று வைத்துக்கொள்.

அண்ணன்,
ஞானசம்பந்தம்


சிவமயம்
கொட்டாஞ்சேனை
16-1-1938

அன்புள்ள மச்சாளுக்குப் பகவதி எழுதுவது,

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கச் சிவபெருமானைக் கும்பிடுகிறேன். நான் கடிதம் எழுதாதவள் என்று உங்களுக்குத் தெரியும். சந்தோஷம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணா இருபத்தொரு நாள் வலம் வந்துவிட்டார். மச்சாள், ஐப்பசியில் இவர் மதிலைப் பிடித்துப் பிடித்து வருவதைக் கண்டு நான் அடுப்படிக்குள் போய் அழுவேன். இப்போது நீங்கள் பார்க்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி, பிள்ளைகளுக்கு முன்னால் நடப்பதைப் போல நடக்கிறார். கோயிலில் ஆட்கள் கேட்கிறார்கள், "மாஸ்டருக்கு என்ன வைத்தியம் செய்தனீங்கள்?" என்று. நான் மூலஸ்தானத்தைக் காட்டுகிறேன்.

ஒன்றிரண்டு குறை சொல்ல வேண்டுமென்றால், கண்ணை மூடாமல்தான் கும்பிடுகிறார். கேட்டால், "சுவாமியைப் பாக்கத்தானே வந்தனான், பிறகு ஏன் கண்ணை மூடுவான்?" என்கிறார். பிரதோஷத்தன்று மாத்திரம் பின்னேரம் வர மாட்டார். கூட்டமாம், காலையிலேயே தனியப் போய்ச் சுற்றிவிட்டு வந்துவிடுவார். தேத்தண்ணீர் குடிக்கும்போது இடப்பக்கக் கடைவாயால் கொஞ்சம் வழிகிறது. அவசரக்காரர், ஆறவிட்டுக் குடிக்கத் தெரியாது.

நாற்பத்தெட்டாம் நாள் பெப்ரவரி பன்னிரண்டு, சனிப் பிரதோஷம். அன்றைக்குப் பொங்கிப் படைக்க நினைத்திருக்கிறேன். விபூதி உள்ளே வைத்திருக்கிறேன். தபாலில் சிந்தாமல் வந்தால் பூசிக்கொள்ளுங்கள்.

அன்பு மச்சாள்,
பகவதி


செந்தூல்
26-1-1938

அன்புள்ள மச்சாளுக்கு,

விபூதி பத்திரமாக வந்தது, பூசிக்கொண்டேன். இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். எழுத எனக்கு மனமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கோயிலில் வலம் வருகிறபோது மூலஸ்தானம் எங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். அதனால் சுற்றில் எந்த மூலைக்கு வந்தாலும் வலப்பக்கம்தான் திரும்புகிறோம். ஒன்பது சுற்றில் முப்பத்தாறு மூலை, முப்பத்தாறும் வலம். அண்ணாவுக்குப் பிழை இடக் காதில். அவர் வேலிக்குள் விழுந்தது இடப்பக்கம் திரும்பியபோது. இருபத்தொரு நாளாக அவர் விழவில்லை என்றால், இருபத்தொரு நாளாக இடப்பக்கம் திரும்பவில்லை என்றும் இருக்கலாம்.

பிரதோஷத்தில் நாங்கள் சோமசூத்திரப் பிரதட்சணம் செய்கிறோம். நந்தியடியிலிருந்து முதலில் இடமாகச் சண்டேசுவரர் வரைக்கும் போய்த் திரும்பி, பிறகுதான் வலமாகக் கோமுகிக்குப் போகிறோம். அன்றைக்கு மட்டும் அவர் ஏன் உங்களோடு வருவதில்லை என்று யோசித்தேன். கண்ணை மூடாததும், தேத்தண்ணீர் வழிவதும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

சனிப் பிரதோஷத்தன்று பின்னேரம் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இடமாக நடக்கச் சொல்லுங்கள். கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், விட வேண்டாம். ஒழுங்காக நடந்தால் நான் ஒரு பைத்தியக்காரி என்று எழுதுங்கள், சந்தோஷமாக வாசிப்பேன். தடுமாறினால் அடுத்த நாளே காது வைத்தியரிடம் நீங்களே போய், ஒக்டோபரில் என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள்.

நான் எழுதியதாக அவருக்குச் சொல்ல வேண்டாம்.

அன்பு மச்சாள்,
ஜெகதி


கொட்டாஞ்சேனை
14-2-1938

மச்சாளுக்கு,

நீங்கள் சொன்னதைச் செய்தேன். வர மாட்டேன் என்றார். முடிகிற நாளில் நான் தனியப் போவதா என்று அழுதேன், வந்தார். நந்தியடியில் கையைப் பிடித்தேன். "கையை விடும், ஆக்கள் பாக்கினம்" என்றார். விடவில்லை. இடப்பக்க மூலையில் திரும்பும்போது என் கையையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். தூணின் அடிக்கல்லில் நெற்றி வெடித்துவிட்டது. ஐந்து தையல். எழும்ப முடியாமல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "மாஸ்டர் சாராயம் போட்டிட்டு வந்திட்டார் போல" என்று ஒரு ஆள் சொன்னது என் காதில் விழுந்தது. அவருடைய வலக் காதிலும் விழுந்திருக்கும்.

நேர்த்தி முடிகிற நாளில், சுவாமிக்கு முன்னால், ஒன்பதில் ஒன்றுகூட முடியவில்லை. பொங்கின பானை அப்படியே வீட்டுக்கு வந்தது. வைத்தியரிடம் நான் போகவில்லை. போகவும் மாட்டேன். நல்லாய் நடந்த மனுஷனை விழுத்திப் பார்த்துவிட்டீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பகவதி


கொட்டாஞ்சேனை
17-2-1938

அன்புள்ள தங்கச்சிக்கு,

நெற்றித் தையலைத் தவிர மற்றபடி சுகம். உன் கடிதத்தைப் பகவதி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாளாக வீட்டில் பேச்சு இல்லை. ஆகவே எழுத நேரம் இருக்கிறது.

நீ கேட்டவற்றுக்குப் பதில். பஞ்சு வலக் கண்ணில் பட்டது தெரிந்தது, இடக் கண்ணில் பட்டது தெரியவில்லை. கண்ணை மூடினால் விழுவேன். நோயின் பெயரைத் துண்டில் எழுதித்தான் தந்தார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு. வளருமாம். இங்கே மண்டையைத் திறந்து அதை எடுக்கக்கூடிய சத்திர வைத்தியர் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் மார்ச் பதினெட்டாம் திகதி கப்பலில் ஒரு வருஷ லீவில் சீமைக்குப் போகிறார். காது போவது நிச்சயம். முகத்து நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக்கொண்டு போகிறதாம், ஆகவே முகத்தில் பாதியும் போகும். மூன்று பேரில் ஒருவர் மேசையை விட்டு எழும்புவதில்லை. இவ்வளவையும் ஒக்டோபரிலேயே சொல்லிவிட்டார். எனக்கு இங்கிலீஷ் நன்றாக விளங்கிற்று.

நான் அவரிடம் நடையைப் பற்றிக் கேட்டேன். நடக்க நடக்கத் தேறுகிறேனே, கட்டி கரைகிறது போலும் என்றேன். அவர் சொன்ன பதிலைத் தமிழில் எழுதுகிறேன்: நடந்தால் கால் பழகும், கட்டி பழகாது.

கோயிலைப் பற்றி. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் மூலையில் வைத்துத் தெரிந்தது. ட்ரில் மாஸ்டருக்கு இடம் வலம் தெரியாமல் போகுமா? திரும்பிப் பகவதியின் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. பிறகு அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. கால் விழாத மனுஷனுக்குத் தான் சாகப் போகிறேன் என்று நம்புவது கஷ்டம்.

நான் சம்மதக் கடதாசியில் கையெழுத்து வைக்கப் போவதில்லை. வாய் கோணி, ஒரு கண் மூடாமல், பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று அட்டென்ஷன் சொல்ல என்னால் முடியாது. அவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதும் நியாயம். நடக்கும் மட்டும் நடப்பேன்.

பகவதி கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே.

அண்ணன்,
ஞானசம்பந்தம்


செந்தூல்
26-2-1938

என் அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க இந்த முறை எனக்கு மனமில்லை.

நீங்கள் விழுவீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் எழுதினேன். மச்சாளின் கையால் உங்களை விழுத்தினது நான். அவ ஐந்து தையலையும் என் கணக்கில் எழுதட்டும்.

மானிப்பாயில் இதே நோயோடு ஒரு பெண் கிடந்தா. சத்திர வைத்தியத்துக்குப் பயந்து போகாமல் விட்டவ. அவவும் நடந்தவதான், கிணற்றடிக்கும் வீட்டுக்கும் தினம் நடந்து கால் தேறிவிட்டதென்று சொன்னவ. பிறகு தலையிடி, சாப்பிட்டதெல்லாம் சத்தி. பிறகு கண் தெரியவில்லை. கடைசியில் தண்ணீரும் விழுங்க முடியவில்லை. நான் பஞ்சால் வாயை நனைத்துக்கொண்டு ஒரு மாதம் பக்கத்தில் இருந்தேன். முகம் கடைசிவரை வடிவாக இருந்தது. அந்த முகத்தை வைத்து ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்கிறீர்கள். சிரிக்கட்டும். ஒரு மாதம் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். நான் விட மாட்டேன் அண்ணா. அம்மா போன பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். உங்கள் முகம் எனக்கு வேண்டாம், நீங்கள் வேணும். மச்சாளுக்கும் அப்படித்தான். கேட்டுப் பாருங்கள்.

கப்பலுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் வந்து சேர எட்டு ஒன்பது நாள் போய்விடும்.

ஜெகதி


செந்தூல்
2-4-1938

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

பெப்ரவரிக் கடிதத்துக்குப் பிறகு, இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு இது மூன்றாவது கடிதம். முன்னைய இரண்டும் கிடைத்திருக்கும், தபால் பிழைப்பதில்லை. மார்ச் பதினெட்டும் போய்விட்டது.

தந்தி கொடுத்துக் கேட்போம் என்று இவர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். தந்தியில் கேட்டால் தந்தியில்தான் பதில் வரும். தபாற்காரன் சிவப்பு சைக்கிளில் வாசலைக் கடந்து போகிறபோது எனக்குக் கவலையும் வருகிறது, அப்பாடா என்றும் இருக்கிறது.

மச்சாள், கோபமாக இருந்தால் கோபத்தோடேயே இரண்டு வரி எழுதுங்கள்.

ஜெகதி


சிவமயம்
கொட்டாஞ்சேனை
9-5-1938

மச்சாளுக்குப் பகவதி எழுதுவது,

உங்கள் கடிதம் எல்லாம் வந்தது. எழுத வேண்டாம் என்று சொன்னவள் எந்த வாயால் எழுதுவது என்று இருந்துவிட்டேன். பிறகு எழுத நேரமும் இருக்கவில்லை.

இவர் உயிரோடு இருக்கிறார். இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் ஏழாம் திகதி உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. வெளியே போனார். ஒரு மணித்தியாலத்தால் திரும்பி வந்து, வாசற்படியில் நின்றபடி, "பகவதி, என்ர முகம் கோணினா நீர் என்ன செய்வீர்?" என்றார். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். நான் கடிதத்தை வாங்கி வாசித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவருடைய வேட்டியைத் தோய்த்துப் போட்டேன்.

பதினோராம் திகதி காலையில் சத்திர வைத்தியத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னேரம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். ஒன்பது நாள் என்னை ஆரென்று தெரியவில்லை. கட்டி நெல்லிக்காய் அளவில் இல்லையாம், வளர்ந்துவிட்டதாம். சத்திர வைத்தியத் துரை கப்பலேற முன் வந்து பார்த்தார். மழைக்காலம் வரை விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாமல் போயிருக்கும் என்று தாதியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் தாதி, உங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. இடக் காது அடியோடு போய்விட்டது. முகத்தில் இடப்பக்கம் தொங்குகிறது. இடக் கண் மூடாது, படுக்கும்போது நான் எண்ணெய் விட்டு, துணி வைத்துக் கட்டிவிடுகிறேன். சிரித்தால் பாதிதான் சிரிக்கிறது. கண்ணாடியை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. முதல் மாதம் இருக்கவும் முடியாமல் இடப்பக்கம் சரிந்து சரிந்து விழுந்தார். பிறகு வார்ட் விறாந்தையில் சோக்கட்டியால் கோடு கீறி அதில் நடக்கவிட்டார்கள். காலை பத்துத் தரம், பின்னேரம் இருபது தரம் என்று இடப்பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும். திரும்பத் திரும்பச் சத்தி எடுப்பார், வாயைக் கழுவிவிட்டு மறுபடியும் திரும்புவார். இதுதான் இனி மருந்து என்கிறார்கள். கட்டி இல்லாத தலைக்கு நடை உதவுமாம். இப்போது வீட்டுக்கு வந்து, பொல்லை ஊன்றி வாசலுக்கு முன்னால் உள்ள ஒழுங்கை முடிவு வரைக்கும் போய் வருகிறார். பாடசாலையில் வேறு ட்ரில் மாஸ்டர் வந்துவிட்டார். இவருக்கு நூல்நிலையத்தைத் தருவதாகப் பாதிரியார் சொல்லியிருக்கிறார்.

மச்சாள், எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அந்த நாற்பத்தேழு நாளைப் போல நான் ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதை நீங்கள் பறித்துவிட்டீர்கள். பறிக்காவிட்டால் இந்நேரம் நான் என்னவாக இருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

ஒரு காதால் கேட்கிறவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாதாம். அடுப்படியிலிருந்து நான் குரல் கொடுத்தால் வாசலைப் பார்க்கிறார், வாசலிலிருந்து கூப்பிட்டால் கிணற்றடியைப் பார்க்கிறார். "பகவதி, எங்கை நிக்கிறீர்?" என்று கேட்கிறார். நாளுக்கு இருபது முப்பது தரம் கேட்கிறார். "இஞ்சைதான்" என்று சொல்லிக்கொண்டே கைவேலையைப் போட்டுவிட்டுப் போய் அவருக்கு முன்னால் நிற்கிறேன். இதுவே போதும் என்று எழுதினால் பொய். போதாது. ஆனால் அவர் கூப்பிடாமல் அரைமணித்தியாலம் போனால் நான் வேலையை விட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

பகவதி